அரசு மேடையும் சமயக் குரலும்: பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என இன்று வழங்கும் தெரு, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பிட் தெரு என்னும் பெயரைப் பெற்றிருந்தது. இதன் வட முனையில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் புனித ஜார்ஜ் தேவாலயமும், சற்றுத் தெற்கே சீனர்களின் குவான் யின் கோயிலும், முகப்பைக் குவீன் தெருவிலும் பின்புறத்தை இச்சாலையை ஒட்டியும் கொண்ட அருள்மிகு மகா மாரியம்மன் கோயிலும், அதனையடுத்துச் சூலியா முஸ்லிம்களின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அமைந்துள்ளன. ஒரு கிலோமீட்டருக்கும் உட்பட்ட தொலைவிற்குள் நான்கு சமயங்களின் வழிபாட்டிடங்கள் இவ்வாறு அமைந்திருப்பதால், சுற்றுலாத் துறையினர் இதனை நல்லிணக்கச் சாலை எனப் போற்றுவர். 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது, பல பண்பாடுகளின் வாழும் சான்று என்னும் இச்சிறப்பும் கருத்திற் கொள்ளப்பட்டது.

ஆயினும், அருகருகே அமைந்த கட்டடங்களைக் கொண்டு மட்டும் சமயப் பொறையை அளந்துவிட இயலாது. சமயப் பொறை உண்மையில் சோதிக்கப்படுவது, ஆட்சியாளருக்காகச் சமயத் தலைவர் வேண்டுதல் செய்யும்போதும், சமயத் தலைவரை அரசு தன் மேடைக்கு அழைத்துச் சிறப்புச் செய்யும்போதும் ஆகும். யாருடைய பெயரால் வேண்டுவது, யாரை அழைப்பது, அழைக்கப்பட்டவர் பிற சமயத்தாரைப் புண்படுத்தினால் அதற்கு யார் பொறுப்பேற்பது ஆகிய மூன்று வினாக்களும் இச்சாலையின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன. அவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரே மொழி பேசும் தமிழர்கள் இச்சாலையில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்குமாகப் பிரிந்து வழிபடுகின்றனர். எனவே, இங்கு எழும் சமயச் சர்ச்சை எதுவும் தமிழ்ச் சமுதாயத்திற்குப் புறத்தே நிற்பதாகாது என்பதும் நாம் மனங்கொள்ளத் தக்கது.

நிலக்கொடைகள்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். புதிய துறைமுகத்திற்கு வணிகரும் தொழிலாளரும் வேண்டியிருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் இந்துக்களும், சீனரும், மலாய்க்காரரும், அச்சேயரும், அரேபியரும், ஆர்மேனியரும் இத்தீவில் குடியேறினர். இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வழிபாட்டிற்கு இடம் வேண்டினர். கம்பெனி அதற்கு நிலம் வழங்கியது.

1801ஆம் ஆண்டு துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத் காலத்தில், சூலியர் தலைவராகிய காதர் முகைதீன் மரைக்காயர் பள்ளிவாசலுக்கென நிலக்கொடை பெற்றார். கப்பித்தான் என்பது ஒவ்வோர் இனத்தின் தலைவருக்கும் அரசு வழங்கிய பட்டமாகும். கெலிங் என்பது கலிங்க நாட்டின் பெயரடியாகப் பிறந்து, தென்னிந்தியரைக் குறிக்க மலாய் உலகில் நெடுங்காலம் வழங்கிய சொல்லாகும். பிற்காலத்தில் அச்சொல் இழிவுப் பொருளை ஏற்றமையால் மலேசிய இந்தியர் அதனை விரும்புவதில்லை. எனினும், பள்ளிவாசலின் பெயரில் அதன் பழம்பொருள் உறைந்து நிற்கிறது. அதே 1801ஆம் ஆண்டில் தென்னிந்திய இந்துக்களின் தலைவராக விளங்கிய பெட்டி லிங்கம் செட்டி என்பாருக்குக் குவீன் தெருவில் கோயிலுக்கு நிலம் வழங்கப்பட்டது. மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டில் முறையாக எழுப்பப்பட்டது. குவான் யின் கோயில் 1800ஆம் ஆண்டளவில் ஹொக்கியன், கண்டனீஸ் ஆகிய இரு பிரிவாரும் இணைந்து நிறுவியதாகும்.

இந்நிலக்கொடைகளைக் கம்பெனியின் தாராள உள்ளத்திற்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. மக்கள் நிலைத்துத் தங்கினால்தான் துறைமுகம் செழிக்கும்; வழிபாட்டிடம் இருந்தால்தான் மக்கள் நிலைத்துத் தங்குவர். இவ்வணிகக் கணக்கே அக்கொடைகளுக்கு அடிப்படை எனலாம். ஆயினும், அதனால் விளைந்த பயன் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு சமூகமும் தன் நிலத்தில் தன் முறைப்படி வழிபட்டது; அவ்வழிபாட்டின் உள்ளே அரசு நுழையவில்லை. 1807ஆம் ஆண்டு பினாங்கிற்கு வழங்கப்பட்ட நீதிப் பட்டயமும், குடிகளின் பல்வேறு சமயங்கள், பழக்கவழக்கங்கள் இடந்தரும் அளவிற்கே ஆங்கிலச் சட்டத்தைச் செலுத்த வேண்டும் என்னும் வரம்பை ஏற்றுக்கொண்டது.

சமய அடிப்படையில் மக்கள் தனித்தனியே பிரிந்தே வாழ்ந்தனர் என்று கருதுவதும் தவறாகும். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பினாங்கை உலுக்கிய கலவரம் இதற்குச் சான்று பகரும். செங்கொடி, வெண்கொடி என்னும் இரு முஸ்லிம் சங்கங்களுள் முன்னது சீனரின் துவா பெக் கோங் சங்கத்தோடும், பின்னது கீ ஹின் சங்கத்தோடும் கைகோத்து நின்றன. சீனரும் முஸ்லிம்களும் இரு தரப்பிலும் இருந்தனர். ஏறத்தாழப் பத்து நாள் நீடித்த அக்கலவரத்தில் பகைமையும் நட்பும் சமய எல்லையைக் கடந்தே அமைந்தன. ஆகவே, இச்சாலையின் பழைய பூசல்களைச் சமயப் பூசல்களாகவும், பழைய அமைதியைச் சமய நல்லிணக்கமாகவும் மட்டுமே காண்பது வரலாற்றைச் சுருக்கிக் காண்பதாகும்.

அரசின் வழிபாட்டிடம்

நான்கு வழிபாட்டிடங்களுக்கும் நிலம் கிடைத்தது எனினும், அவை நான்கும் அரசின் முன் ஒத்த நிலையில் இருக்கவில்லை. புனித ஜார்ஜ் தேவாலயம் அரசின் தேவாலயமாகவே எழுந்தது. கேப்டன் ராபர்ட் ஸ்மித்தின் பொறுப்பில் கட்டப்பட்டு 1818ஆம் ஆண்டில் நிறைவுற்ற இத்தேவாலயம், 1819ஆம் ஆண்டு மே திங்களில் கல்கத்தா பேராயர் தாமஸ் மிடில்டனால் அருட்பொழிவு செய்யப்பட்டது. இங்குப் பணியாற்றிய குருவானவர் அரசின் ஊதியம் பெற்றவர். 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் பள்ளியை நிறுவிய ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் அத்தகைய அரசுக் குருவே ஆவார்.

ஆங்கிலிக்க வழிபாட்டு ஒழுங்கில் மன்னருக்கான வேண்டுதல் நிலையான ஓர் உறுப்பாகும். எனவே, ஞாயிறுதோறும் இத்தேவாலயத்தில் நிகழ்ந்த வழிபாட்டை ஒரு வகையில் அரசின் வழிபாடு எனக் கூறலாம். அரசுக்காக யார் வேண்டுவது என்பதில் ஐயமே எழவில்லை. அரசு ஊதியம் தரும் குரு, அரசு கட்டிய ஆலயத்தில், அரசின் சமயத்தைச் சார்ந்த மன்னருக்காக வேண்டினார். சாலையின் பிற மூன்று இடங்களிலும் நிகழ்ந்தவை குடிகளின் வழிபாடுகள். இந்த வேறுபாடே காலனிய காலச் சமயப் பொறையின் அடித்தளமாகும். பிற சமயங்கள் பொறுத்துக்கொள்ளப்பட்டன. ஆனால், அவை அரசின் மேடையில் இடம் பெறவில்லை.

குத்பாவில் யார் பெயர்?

பள்ளிவாசலில் நிலைமை சற்றுச் சிக்கலானது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையின் குத்பாப் பேருரையில் ஆட்சியாளர் பெயரைச் சொல்லி இறைஞ்சுவது இஸ்லாமிய அரசுகளில் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். நாணயத்தில் பெயர் பொறிப்பதும் குத்பாவில் பெயர் சொல்வதும் இறைமைக்கு இரு அடையாளங்களாகக் கருதப்பட்டன. இவ்வழக்கம் அரசியலில் பெருமதிப்புப் பெற்றிருப்பினும், தமிழகக் கடற்கரை முஸ்லிம்களும் மலாய்க்காரரும் பின்பற்றும் ஷாஃபியீ நெறியில் அது குத்பாவின் கட்டாயக் கூறாகாது. இறைவனைப் புகழ்தல், நபிகள் மீது ஸலவாத்து ஓதுதல், இறையச்சத்தை வலியுறுத்துதல், திருமறை வசனம் ஓதுதல், நம்பிக்கையாளர்களுக்காக இறைஞ்சுதல் ஆகிய ஐந்துமே அதன் கட்டாயக் கூறுகளாகும். ஆட்சியாளருக்கான வேண்டுதல் அனுமதிக்கப்பட்ட ஒன்று, கடமையன்று.

கிறித்தவ மன்னர் ஆளும் நாட்டில் முஸ்லிம் குடிகள் குத்பாவில் யாருடைய பெயரைச் சொல்வர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாசியப் பள்ளிவாசல்கள் பலவற்றில் துருக்கி சுல்தானின் பெயர் கலீஃபா என்ற முறையில் ஓதப்பட்டது. ஐதராபாத்து இதற்கு நன்கறியப்பட்ட சான்றாகும். பிரிட்டனும் துருக்கியும் நட்பு நாடுகளாக இருந்தவரை இது சிக்கலாகவில்லை. 1914ஆம் ஆண்டு நவம்பரில் இரு நாடுகளுக்கும் போர் மூண்டதும் நிலைமை மாறியது. 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் ஐந்தாம் காலாட்படையின் இந்திய முஸ்லிம் வீரர்கள் கிளர்ந்தெழுந்தபோது, கம்போங் ஜாவா பள்ளிவாசலில் போதனை செய்து வந்த நூர் ஆலம் ஷா என்னும் சமயப் பெரியவர் மீது அரசின் ஐயம் விழுந்தது. அடுத்த திங்களிலேயே, அதாவது மார்ச்சு 6ஆம் நாள், சிங்கப்பூர் விக்டோரியா நினைவு மண்டபத்தில் பல்லாயிரம் முஸ்லிம்கள் கூடி அரசுக்குத் தம் பற்றினை வெளிப்படுத்தினர். முஸ்லிம்களின் கருத்தை அறிவதற்கென ஆலோசனை வாரியம் ஒன்றையும் அரசு அவ்வாண்டில் அங்கு நிறுவியது.

இந்நிகழ்ச்சிகளில் ஒரு பாங்கு புலனாகிறது. சமயத் தலைவரின் சொல் மக்களிடம் செல்வாக்குடையது என அரசு உணர்கிறது. உடனே, ஐயத்திற்குரிய தலைவரை ஒதுக்குகிறது. தனக்கு உகந்த தலைவரை அருகில் அமர்த்திக்கொள்கிறது. ஒதுக்குதலும் அமர்த்துதலும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களாகும்.

வாரியங்களின் காலம்

பினாங்கில் அரசும் சமயமும் நெருங்கியதற்கு மற்றொரு காரணம் சொத்து. பள்ளிவாசலுக்கும் கோயில்களுக்கும் உரிய நிலங்கள் நகர வளர்ச்சியோடு பெருமதிப்புப் பெற்றன. அறங்காவலர்களிடையே பூசல்கள் எழுந்தன. வக்ஃபு நிலங்கள் கைமாறின. இதனைச் சீர்செய்யும் பொருட்டு 1905ஆம் ஆண்டில் முகம்மதிய, இந்து அறக்கட்டளைகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி அமைந்த வாரியம், ஆளுநரால் நியமிக்கப்பட்ட அலுவலர்களையும் சமூகப் பெரியவர்களையும் கொண்டிருந்தது. பள்ளிவாசலின் வருவாய் ஒழுங்குபட்டது. 1910களில் நொய்ப்ரோனர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைவில் அது இந்தோ-சாரசெனிக் பாணியில் புதுப்பொலிவு பெற்றது. இன்று நாம் காணும் குவிமாடங்களும் உயர்ந்த மினாராவும் அப்புதுப்பித்தல் காலத்தைச் சார்ந்தவையாகும்.

ஒரே வாரியம் பள்ளிவாசல் வக்ஃபையும் கோயில் அறக்கட்டளையையும் மேற்பார்த்த இந்நிலை சமய வரலாற்றில் கருதத்தக்கது. ஆயினும், கணக்கையும் கட்டடத்தையும் பார்த்துக்கொள்வதே வாரியத்தின் பணியாக இருந்தது. போதனை அதன் கையில் இல்லை. விடுதலைக்குப் பின் இந்நிலை மாறியது. மலேசிய அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக அறிவித்து, பிற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என உறுதியளிக்கிறது. சுல்தான் இல்லாத மாநிலமாகிய பினாங்கில், இஸ்லாமிய சமயத் தலைவர் பொறுப்பை மாட்சிமை தங்கிய மாமன்னர் வகிக்கிறார். 1959ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிருவாகச் சட்டத்தின் வழி முஸ்லிம் வக்ஃபுகள் மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பிற்கு வந்தன. இந்து அறப்பணி வாரியம் தனியே தொடர்ந்தது. அரசின் வழிபாட்டிடம் என்னும் தகுதி, சாலையின் வட முனையிலிருந்து தென்பகுதிக்கு இடம்பெயர்ந்தது எனச் சுருக்கமாகக் கூறலாம். ஆட்சியாளருக்கான வேண்டுதல் இப்போது குத்பாவின் ஒரு பகுதியாயிற்று. அதில் சொல்லப்படுவது மாமன்னரின் பெயராகும்.

2010ஆம் ஆண்டுச் சர்ச்சை

2008ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் பினாங்கின் ஆட்சி மக்கள் கூட்டணி வசமாகி, ஜனநாயகச் செயல் கட்சியின் லிம் குவான் எங் முதலமைச்சரானார். விடுதலைக்குப் பின் பினாங்கின் முதலமைச்சர்கள் யாவரும் முஸ்லிம் அல்லாதாரே ஆவர். அவ்வகையில் இது புதுமையன்று. ஆயினும், மாநிலத்திலும் கூட்டரசிலும் வெவ்வேறு கூட்டணிகள் ஆட்சி செய்த சூழல் புதியது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அதாவது ரமலான் நோன்புக் காலத்தில், பினாங்குப் பள்ளிவாசல்களில் குத்பாவின் வேண்டுதலில் மாமன்னரின் பெயருக்கு மாற்றாக முதலமைச்சரின் பெயர் ஓதப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, நாடு தழுவிய செய்தியாயிற்று. முதலமைச்சர் அதனை மறுத்தார்.

இச்சர்ச்சையில் இரு வேறு வினாக்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. முதலாவது, மாமன்னரின் பெயரை நீக்கிப் பிறிதொரு பெயரை வைக்கலாமா என்பது. இது அரசியலமைப்புச் சார்ந்த வினா. கூடாது என்பதில் எத்தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாவது, முஸ்லிம் அல்லாத ஆட்சியாளருக்காகப் பள்ளிவாசலில் இறைஞ்சலாமா என்பது. இது சமயவியல் சார்ந்த வினா. அவருக்கு நல்வழி கிட்டவும், அவர் நீதியுடன் ஆளவும் வேண்டுவதில் தவறில்லை என ஒரு சாராரும், குத்பாவில் அது தகாது என மற்றொரு சாராரும் கருத்துரைத்தனர். அறிஞர் அவையில் அமைதியாக ஆராயப்பட வேண்டிய இவ்விரண்டாம் வினா, முதல் வினாவின் சூட்டோடு அரசியல் களத்தில் பேசப்பட்டது. மிம்பரில் நின்று ஓதும் கதீபின் ஒரு வாக்கியம் கட்சிப் போட்டியின் கருவியாயிற்று.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியது, பிற சமயத்தவர் ஒருவருக்காக நல்லெண்ணத்துடன் வேண்டுவதே ஐயத்திற்குரிய செயலாகக் காட்டப்பட்டமையாகும். தனிமனித வாழ்வில் இயல்பாக நிகழும் ஒன்று, அதிகாரம் சார்ந்த மேடைக்கு வந்தவுடன் இயல்பிழந்தது. நோயுற்ற அண்டை வீட்டார்க்காக யாரும் எச்சமயத்திலும் வேண்டலாம். அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. முதலமைச்சர்க்காக வேண்டினால் விளக்கம் கேட்கப்படுகிறது. எனவே, சிக்கல் வேண்டுதலில் இல்லை. வேண்டுதலோடு அதிகாரம் சேரும் இடத்தில் உள்ளது எனலாம்.

விருது பெற்ற போதகர்

அரசு மேடையில் சமயத் தலைவர் பெறும் சிறப்பு எத்தகைய விளைவுகளை ஏற்படுத்தும் என்பதற்கு, மும்பையில் பிறந்த போதகர் சாகிர் நாயக்கின் மலேசியத் தொடர்பு ஒரு சான்றாகும். 2013ஆம் ஆண்டு நவம்பரில், மஆல் ஹிஜ்ரா என்னும் இஸ்லாமியப் புத்தாண்டு விழாவை அரசு கொண்டாடியபோது, அனைத்துலக ஆளுமைக்கான விருதை அன்றைய மாமன்னர் துவாங்கு அப்துல் ஹாலிம் கையால் அவர் பெற்றார். பிற சமயங்களோடு ஒப்பிட்டுப் பேசுவது அவரது சொற்பொழிவுகளின் இயல்பு. அதன் காரணமாகவே அவரைப் பின்பற்றுவோரும் எதிர்ப்போரும் பலராயினர். 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் மலாக்காவில் ஏற்பாடாகியிருந்த அவரது உரையைக் காவல்துறை முதலில் நிறுத்தச் சொன்னது. பின்னர் அனுமதி வழங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அவரது அறக்கட்டளையை இந்திய அரசு தடை செய்தது. தம் மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்து வந்துள்ளார்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் கோத்தா பாருவில் ஆற்றிய உரையில், மலேசிய இந்துக்களை இந்தியாவின் முஸ்லிம்களோடு ஒப்பிட்டு, மலேசிய இந்துக்கள் தம் நாட்டுப் பிரதமரைவிட இந்தியப் பிரதமருக்கே ஆதரவாக உள்ளனர் என்னும் பொருள்பட அவர் பேசினார். சீனர்களைப் பழைய விருந்தினர் எனக் குறிப்பிட்டதும் செய்தியாயிற்று. காவல்துறை அவரை விசாரித்தது. பொது இடங்களில் உரையாற்றத் தடை விதிக்கப்பட்டது. ஆகஸ்டு 20ஆம் நாள் அவர் வருத்தம் தெரிவித்து, தம் சொற்கள் திரித்துக் கூறப்பட்டன எனவும் விளக்கினார். பினாங்கின் அன்றைய இரண்டாம் துணை முதலமைச்சரும் இந்து அறப்பணி வாரியத்தின் தலைவருமாகிய பேராசிரியர் பி. இராமசாமி அவரைக் கடுமையாக விமர்சித்து வந்தார். அவ்விமர்சனங்கள் தம் பெயருக்கு இழுக்கு எனச் சாகிர் நாயக் தொடுத்த வழக்குகளில், 2023ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பினாங்கு உயர்நீதிமன்றம் அவருக்கு 15 இலட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத் தீர்ப்பின் சரி தவறுகளை ஆராய்வது நம் நோக்கமன்று. வரலாற்று நோக்கில் இரண்டு செய்திகளே நமக்கு முதன்மையானவை. முதலாவது, போதகர் ஒருவர் தம் சமயத்தாரிடையே பேசும் சொல்லுக்கும், அரசின் விருது பெற்றபின் பேசும் சொல்லுக்கும் எடை வேறுபடுகிறது. அரசின் விருது, அவரது சமயப் புலமைக்கு மட்டுமன்றி, அவரது பொது வாழ்விற்கும் ஓர் ஒப்புதலாகவே குடிமக்களால் கொள்ளப்படும். இரண்டாவது, மலேசிய இந்துக்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய நாட்டுப்பற்று ஐயத்திற்குள்ளானபோது அதன் தாக்கம் சமய எல்லையோடு நிற்கவில்லை. தமிழ் முஸ்லிம்கள் ஒரு புறம் தம் சமயத்தையும் மறுபுறம் தம் மொழியினத்தையும் கொண்டவர்கள்; இத்தகைய சர்ச்சையில் அவர்களை ஏதேனும் ஒரு பக்கம் சாருமாறு நெருக்குவது எளிதாகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சாலையில் வாழ்ந்த உறவுக்கு நேரும் உண்மையான சேதம் இதுவே ஆகும்.

சிங்கப்பூர் சூலியா பள்ளிவாசல்: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், 1827ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் அண்டையில் அமைந்தவை. பினாங்குச் சாலையின் உடன்பிறப்பென இதனைக் கருதலாம். 2017ஆம் ஆண்டு சனவரியில் இப்பள்ளிவாசலின் இமாம் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் யூதருக்கும் கிறித்தவருக்கும் எதிராக இறைவனின் துணையை வேண்டும் பொருளில் ஓர் அரபு வேண்டுதலை ஓதினார். அது திருமறை வசனமன்று. காட்சிப் பதிவு பரவியபின் விசாரணை நடைபெற்றது. மார்ச்சு 31ஆம் நாள் அவர் கிறித்தவ, சீக்கிய, தாவோ, பௌத்த, இந்து சமயப் பேராளர்கள் முன் நேரில் மன்னிப்புக் கோரினார். பின்னர் யூத வழிபாட்டிடத்திற்கும் சென்று குருவைச் சந்தித்து வருத்தம் தெரிவித்தார். ஏப்ரல் 3ஆம் நாள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 4,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. இந்தியக் குடிமகனாகிய அவர் நாடு திரும்ப நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் சட்டம் கடுமையாக நடந்துகொண்டது என்பது வெளிப்படை. ஆயினும், தண்டனைக்கு முன்பே, புண்பட்ட சமயத்தாரை அவர் நேரில் சந்தித்ததும், அவர்கள் அவரை வரவேற்றதும் குறிப்பிடத்தக்கன. சிங்கப்பூரில் 1949ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் சமயங்களுக்கிடையிலான அமைப்பு போன்றவை நெடுங்காலம் வளர்த்த பழக்கம் இதற்குத் துணை செய்திருக்கலாம். மலேசியாவில் பௌத்த, கிறித்தவ, இந்து, சீக்கிய சமயங்களின் ஆலோசனை மன்றம் 1983ஆம் ஆண்டில் அமைந்தது. பின்னர்த் தாவோ சமயமும் இணைந்தது. ஆயினும், அதில் முஸ்லிம் அமைப்புகள் இடம்பெறவில்லை. பேச வேண்டிய இரு தரப்பினரும் ஒரே அவையில் அமராத குறை இங்கு நீடிக்கிறது.

பிற நாடுகள் தரும் படிப்பினை

அரசு வழிபாட்டு நிகழ்ச்சிகளில் சமயத் தலைவர் சர்ச்சைக்குள்ளாவது கீழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. 2009ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் ஒபாமாவின் பதவியேற்பில் தொடக்க வேண்டுதல் செய்ய ரிக் வாரன் என்னும் போதகர் அழைக்கப்பட்டபோது, ஒருபாலினத் திருமணம் குறித்த அவர் நிலைப்பாட்டை முன்னிட்டு எதிர்ப்பு எழுந்தது, அழைப்பு மாற்றப்படவில்லை. 2013ஆம் ஆண்டு அதே அதிபரின் இரண்டாம் பதவியேற்பிற்கு அழைக்கப்பட்ட லூயி கிக்லியோ, தம் பழைய பிரசங்கம் ஒன்று சர்ச்சையானதால் தாமே விலகினார்.

இதற்கு நேர்மாறாக, அரசையே சங்கடப்படுத்திய சமயத் தலைவர்களும் உளர். 1982ஆம் ஆண்டு ஃபாக்லாந்துப் போர் முடிவில் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் நடைபெற்ற வழிபாட்டில், பேராயர் ராபர்ட் ரன்சி அர்ஜென்டினத் தரப்பில் இறந்தோரையும் நினைவுகூர்ந்தார். வெற்றி விழாவை எதிர்பார்த்த ஆளுங்கட்சியினர் பலர் அதனை விரும்பவில்லை. 2025ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில், ஆயர் மேரியன் பட்டி, புதிதாகப் பதவியேற்ற அதிபர் டிரம்ப்பை நோக்கி, அஞ்சி வாழும் மக்கள் மீது இரக்கம் காட்டுமாறு வேண்டினார். அதிபர் அதனைக் கண்டித்தார்.

இவ்வெடுத்துக்காட்டுகளை ஒரே தட்டில் வைத்தல் கூடாது. மேடையில் நின்று வலிமை குன்றியோருக்காக ஆட்சியாளரிடம் பேசுவது ஒன்று. மேடை தந்த மதிப்பைக் கொண்டு வலிமை குன்றிய பிரிவினரையே ஐயுறச் செய்வது மற்றொன்று. இரண்டும் சர்ச்சை என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படினும், அறநோக்கில் அவை எதிரெதிர்த் திசையில் செல்வன. சர்ச்சைக்குரியவர் என்பதாலேயே ஒருவரை விலக்குவதாயின், அறிவுரை கூறும் துணிவுடையவரும் விலக்கப்படுவர். அரசு மேடையில் புகழுரைப்போர் மட்டுமே எஞ்சுவர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் சமய இணக்கம், எல்லாச் சமயத்தாரும் ஒரே மேடையில் வேண்டியதால் விளைந்ததன்று. ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் தத்தம் முறைப்படி வேண்டினர். அடுத்தவர் வேண்டுதலுக்கு இடையூறு செய்யவில்லை. நாகூர் ஆண்டகையின் நினைவாகச் சூலியா தெருவில் எழுந்த தர்காவும், மாரியம்மன் கோயிலும், பள்ளிவாசலும் ஒருவர் அனுமதியை மற்றவர் கேட்டு இயங்கியவையல்ல. அவ்விணக்கத்திற்கு அரசு செய்த பெரும் உதவி, நிலம் தந்து விலகி நின்றதே ஆகும். அதன் குறையும் அதே காலனிய அரசிடமே இருந்தது; தனக்கென ஒரு வழிபாட்டிடத்தை வைத்துக்கொண்டு பிறவற்றைப் பொறுத்துக்கொண்டது.

இன்றைய அரசு முழுமையாக விலகி நிற்க இயலாது. அரசியலமைப்பே அதற்குச் சமயப் பொறுப்புகளை வழங்கியுள்ளது. ஆகவே, விழாக்களும் விருதுகளும் வேண்டுதல்களும் தொடரும். அவற்றில் ஒரு வரையறையை எதிர்பார்ப்பது நியாயமாகும். தம் சமயத்தாரிடம் ஒருவர் பெற்ற மதிப்பை மட்டும் நோக்காது, பிற சமயத்தாரைப் பற்றி அவர் எவ்வாறு பேசியுள்ளார் என்பதையும் நோக்கியே அரசு சிறப்புச் செய்தல் வேண்டும். ஏனெனில், அச்சிறப்பை வழங்குவது எல்லாக் குடிமக்களுக்கும் உரிய அரசு. அதே வேளையில், ஆட்சியாளரை நோக்கி அறவுரை பகரும் குரலை இவ்வரையறையைக் காட்டி அடக்குதலும் ஆகாது.

தமிழாசிரியர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பள்ளிப் பாடங்களில் இச்சாலையின் படம் நல்லிணக்கத்தின் அடையாளமாக இடம்பெறும்போது, கட்டடங்களின் பெயர்களோடு நின்றுவிடாமல், அந்நிலங்களை யார் பெற்றனர், யார் பேணினர், எப்போது பூசல் நேர்ந்தது, எவ்வாறு தணிந்தது என்பனவற்றையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். காதர் முகைதீனும் லிங்கம் செட்டியும் ஒரே ஆண்டில் நிலம் பெற்ற இரு தலைவர்கள் என்பதை அறிந்த மாணவன், தன் அண்டை இருக்கையில் அமர்ந்திருக்கும் பிற சமயத்துத் தமிழ் மாணவனை விருந்தினன் எனக் கருதமாட்டான்.